அழுகல் செரிக்கும், ஊசி மருந்து செரிக்காது

'மாட்டுக்குப் போட்ட வலி ஊசி, அது செத்த பிறகு தின்ற கழுகை எப்படிக் கொல்லும்? அழுகிய பிணத்தையே செரிக்கிற வயிறாயிற்றே!' என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நியாயமான சந்தேகம்தான். அடைப்பான் நோயில் விழுந்த மாட்டைத் தின்றுவிட்டும் பாறுக் கழுகு சாவகாசமாகச் சிறகு உலர்த்தும். அதன் இரைப்பை அமிலம் அவ்வளவு வீரியம். ஆனால் விடை வயிற்றில் இல்லை, சிறுநீரகத்தில் இருக்கிறது.

புரதக் கழிவை நாம் யூரியாவாக்கி, தண்ணீரைத் தாராளமாகச் செலவழித்துக் கழிக்கிறோம். பறவைகளுக்கு அந்த ஊதாரித்தனம் கட்டுப்படியாகாது. அவை கழிவை யூரிக் அமிலமாக்கி, கெட்டியாக வெளியே தள்ளுகின்றன. ஸ்கூட்டர் சீட்டில் காக்கை விட்டுப்போகும் வெள்ளை அதுதான். சிக்கனம் சரி, ஆனால் யூரிக் அமிலம் தண்ணீரில் கரையவே அடம்பிடிக்கும். அது இரத்தத்தில் கொஞ்சம் கூடினாலும் படிகமாகிவிடும். அதனால் சிறுநீரக நுண்குழல்களின் சுவர்ச் செல்கள் ராப்பகலாக அதை இரத்தத்திலிருந்து இழுத்து வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.

நம்மூர் மாவு மில்லை நினைத்துக்கொள்ளுங்கள். அரைக்க அரைக்கத் தூசு பறக்கும். கூட்டுகிற ஆள் கை ஓயாமல் கூட்டினால்தான் மில் ஓடும். வலி ஊசியில் இருக்கும் டைக்ளோஃபெனாக் அந்த ஆளைத்தான் தீர்த்துக்கட்டுகிறது. நுண்குழல் செல்கள் செத்து விழுகின்றன. மில் மட்டும் நிற்பதில்லை. தராசில் மாவு, சுவிட்சில் மாவு, சாமி படத்தில் மாவு, முதலாளியின் புருவத்தில் மாவு, கடைசியில் கடன் நோட்டிலும் மாவு! இறந்த பாறுவை அறுத்துப் பார்த்தால் இதே காட்சி: ஈரல், இதயம், சிறுநீரகம் எல்லாவற்றின் மேலும் சுண்ணாம்பு அடித்தாற்போல வெள்ளை. மருந்து உள்ளே போய் இரண்டு மூன்று நாளில் கதை முடிந்துவிடும்.

எல்லாப் பறவைக்கும் இந்தக் கதி என்று நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவின் டர்க்கி வல்ச்சருக்கு, நம் பாறுவைக் கொல்லும் அளவைப்போல நூறு மடங்குக்கும் மேல் கொடுத்துப் பார்த்தார்கள். அது அசையவில்லை. பெயரில்தான் அதுவும் வல்ச்சர், உறவு தூரத்து உறவு. ஒரு பறவைக்கு ஆகிற மருந்து இன்னொன்றுக்கும் ஆகும் என்று ஊகித்து உரிமம் கொடுப்பது எத்தனை ஆபத்து என்பதற்கு இதுவே போதும்.

வரலாற்றையும் சொல்லித் தொலைக்க வேண்டும். 1990களில் தெற்காசியாவில் பாறுகள் கொத்துக்கொத்தாக விழுந்தபோது கிருமி, பூச்சிக்கொல்லி என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஆய்வாளர் லிண்ட்சே ஓக்ஸின் குழு பாகிஸ்தானில் இறந்த பறவைகளை ஆராய்ந்து 2004இல் உண்மையான காரணத்தை வெளியிட்டது. இந்தியாவில் 1992க்கும் 2007க்கும் இடையே வெண்முதுகுப் பாறுகளில் 99.9 சதவீதம் போய்விட்டன. அவ்வளவுதான் வரலாறு.

இத்தனை பேரழிவுக்கு எத்தனை பிணங்கள் தேவை? நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவான பிணத்தில் மருந்து இருந்தாலே போதும் என்கிறது கணக்கு. ஒரு மாட்டைச் சுற்றிப் பெருங்கூட்டமே பந்தி உட்காருகிறது. பாறுவோ ஆண்டுக்கு ஒரே முட்டை இடும் பறவை. இழப்பை எந்தக் காலத்தில் ஈடுகட்டும்? இந்த மருந்தை மாட்டுக்குத் தடை செய்யும் முன், இந்தியாவில் கால்நடைப் பிணங்களிலிருந்து எடுத்த ஈரல் மாதிரிகளில் பத்துக்கு ஒன்றில் மருந்து இருந்தது.

பிணங்களைத் தின்று தீர்க்கும் பாறு அழிந்ததால் ஐந்து ஆண்டுகளில் ஐந்து லட்சம் மனிதர்கள் கூடுதலாக இறந்தார்கள் என்ற செய்தி 2024இல் தலைப்பானது. மாவட்டங்களின் இறப்பு விகிதத்தை ஒப்பிட்டுப் பொருளாதார வல்லுநர்கள் போட்ட மதிப்பீடு அது. தலை எண்ணிய கணக்கல்ல. ஆய்வு மோசமில்லை. தலைப்பு போட்டவர்கள்தான் 'மதிப்பீடு' என்ற சொல்லை விழுங்கிவிட்டார்கள். நமக்கு உபகாரம் செய்தால்தான் ஒரு பறவை உயிரோடு இருக்கலாம் என்கிற தொனியும் எனக்கு உவப்பில்லை. வெப்பக் காற்றில் ஏறி, இறக்கை அடிக்காமல் மணிக்கணக்கில் மிதக்கிற பறவைக்கு அந்தச் சிபாரிசு எதற்கு?

மாட்டுக்கு டைக்ளோஃபெனாக் போடுவதை 2006இல் தடை செய்தார்கள். உடனே மனிதர்களுக்கான பெரிய குப்பி மாட்டுத் தொழுவத்துக்கு வந்தது. 2015இல் குப்பியை 3 மில்லிக்குச் சுருக்கினார்கள்; மருந்து நிறுவனங்கள் வழக்குப் போட, 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது. 2023இல் கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் என்ற வலி மருந்துகளுக்கும் தடை. 2024 கடைசியில் நிமெசுலைடுக்கும். இதில் அசிக்ளோஃபெனாக் மாட்டின் உடலுக்குள் போனதும் டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடும், அதற்குத்தான் பதினேழு ஆண்டு யோசனை! ஸ்பெயின் இன்னும் சாமர்த்தியம்: பாறுகள் செத்ததன் காரணம் தெரிந்தபின்னும், 2013இல் மாட்டுக்கு டைக்ளோஃபெனாக்கை அனுமதித்தது.

முதுமலை, சத்தியமங்கலம், மாயாறு பள்ளத்தாக்கில் மிஞ்சியிருக்கும் பாறுகளுக்கு விழிப்புணர்வு ஊர்வலத்தைவிட மருந்துக் கடைச் சோதனை பயன்படும். பாறுவுக்கு ஆபத்தில்லை என்று நிரூபணமான மெலோக்சிகம் கையில் இருக்கிறது. மாட்டுக்கு ஊசி போட வருபவரிடம் அந்தப் பெயரைக் கேட்டு வாங்குங்கள். புதிதாக எந்த வலி மருந்து வந்தாலும் பாறுவிடம் சோதித்த பிறகே மாட்டுக்கு உரிமம் என்று விதியை மாற்றுவது அரசின் வேலை. செத்த பிறகு எண்ணி, எண்ணிய பிறகு தடை செய்கிற இந்த வரிசை ஏற்கெனவே நான்கு மருந்து பழசாகிவிட்டது.