பழைய ரேஸ் காரை மீட்டு ஓட்டுவது எப்படி? எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது?

2018-ல் அமெரிக்காவில் ஃபெராரி 250 ஜிடிஓ கார் ஒன்று 4.84 கோடி டாலருக்கு ஏலம் போனது. மொத்தம் தயாரானதே 36 கார்தான். இவ்வளவு அரிய கார்களை ஷெட்டில் பூட்டி வைக்காமல் பந்தயத்தில் ஓட்டுறவங்களும் இருக்காங்க. இங்கிலாந்தின் குட்வுட்டில் 1998 முதல் நடக்கும் 'ரிவைவல்' பந்தயம் இதற்குப் பிரபலம். 1966 வரையிலான கார்கள்தான் அங்கே ஓடும்.

ஒரிஜினல் என்று எப்படித் தெரியும்?

பெயிண்ட் பளபளப்பை நம்ப முடியாது. சேஸிஸ் நம்பர், பழைய பந்தயப் பதிவுகள், போட்டோக்கள் எல்லாம் ஒன்றோடு ஒன்று பொருந்தணும்.

ஆபத்து எங்கே?

ரேஸ் கார்கள் சில சீசன் ஓடினால் போதும் என்று எடை குறைத்துச் செய்யப்பட்டவை. பழைய மெக்னீசியம் வீலில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். அதனால் சாயம் தடவிச் சோதிக்கிறார்கள். பெட்ரோல் டேங்கின் உள்ளே இருக்கும் ரப்பர் பைக்கும் காலாவதி தேதி உண்டு.

அப்போ எல்லாத்தையும் புதுசா மாத்திடலாமா?

மாத்தினால் மிஞ்சுவது பழைய நம்பர் ஒட்டிய புது கார்தான். சர்வதேச பந்தயங்களுக்கு எஃப்ஐஏ அமைப்பின் 'ஹிஸ்டாரிக் டெக்னிக்கல் பாஸ்போர்ட்' தேவை. அந்தக் காலத்து அமைப்பிலேயே கார் இருக்கிறதா என்பதற்கான ஆவணம் அது.

அதனால் சிலர் ஒரிஜினல் இன்ஜினைக் கழற்றிப் பத்திரமா வெச்சிட்டு, அதே டிசைனில் செய்த புது இன்ஜினோடு பந்தயத்துக்குப் போறாங்க. டிராக்கில் இன்ஜின் உடைந்தாலும் ஒரிஜினல் தப்பிக்கும்.