காரில் 'சிப்' போட்டால் பவர் கூடுமா? அந்த பவர் எங்கிருந்து வருகிறது?

திருவனந்தபுரத்திலிருந்து விதுரா தாண்டினால் போனக்காட்டுக்கு ஏறும் மலைச்சாலை. மேலே பழைய தேயிலைத் தோட்டம், அதற்கும் மேலே அகத்தியர்கூடம். வார இறுதியில் நாலு பேரும் பைகளுமாக ஏறும்போது, வளைவுக்கு வளைவு செகண்ட் கியருக்கு இறங்க வேண்டியிருக்கும். அப்போது பின் சீட்டிலிருந்து ஒரு குரல் வரும்: "ஒரு சிப் போட்டுடு மச்சான், வண்டி பிச்சுக்கிட்டு போகும்."

போகுமா? டர்போ இன்ஜினாக இருந்தால் போகும். ஆனால் அந்தக் கூடுதல் பவர் சும்மா வருவதில்லை.

சிப் என்னதான் செய்கிறது?

எவ்வளவு எரிபொருள் தெளிக்க வேண்டும், எப்போது ஸ்பார்க் கொடுக்க வேண்டும், டர்போ காற்றை எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதையெல்லாம் 'இசியு' என்ற சின்ன கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. அதற்குள் இருப்பவை எக்ஸெல் ஷீட் போன்ற அட்டவணைகள். அந்த எண்களை மாற்றுவதுதான் ட்யூனிங்.

சந்தையில் 'சிப்' என்ற பெயரில் மூன்று விஷயங்கள் விற்கப்படுகின்றன.

1. ஓபிடி போர்ட்டில் செருகும் 'மைலேஜ் சேவர்': ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும். பிரித்துப் பார்த்தால் பலவற்றில் எரியும் விளக்கைத் தவிர பெரிதாக எதுவும் இருக்காது. எரிபொருளை மிச்சப்படுத்துவதாகச் சொல்லப்பட்ட 100-க்கும் மேற்பட்ட கருவிகளை அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை ஆராய்ந்திருக்கிறது. எதுவும் மைலேஜைக் குறிப்பிடத்தக்க அளவு கூட்டவில்லை.

2. ட்யூனிங் பாக்ஸ்: சென்சாருக்கும் இசியு-வுக்கும் நடுவில் உட்கார்ந்து பொய் சொல்லும் பெட்டி. டீசல் காரில் எரிபொருள் அழுத்தம் குறைவாக இருப்பதாகக் காட்டும். இசியு அதை நம்பி அழுத்தத்தைக் கூட்டும்.

3. ரீமேப்: இசியு-வில் உள்ள அட்டவணைகளையே திருத்தி எழுதுவது.

எவ்வளவு கூடும்?

டர்போ இன்ஜினில் ரீமேப் செய்தால் பொதுவாக 20 முதல் 30% வரை கூடலாம். 120 பிஎஸ் கார் 144 பிஎஸ் ஆகும். டர்போ இல்லாத 83 பிஎஸ் பெட்ரோல் காரில் 5% கூடினாலும் கிடைப்பது சுமார் 4 பிஎஸ்தான். மலையேறும்போது அது தெரியவே தெரியாது.

அந்த பவர் எங்கே ஒளிந்திருந்தது?

மட்டமான பெட்ரோல், கோடை வெயில், முழு லோடு, தள்ளிப்போன சர்வீஸ் எல்லாவற்றையும் இன்ஜின் தாங்க வேண்டும் என்பதற்காக நிறுவனம் கொஞ்சம் மார்ஜின் விட்டு வைக்கிறது. ட்யூனர் எடுத்துக் கொடுப்பது அந்த மார்ஜினைத்தான். வங்கியில் அவசரத்துக்கு வைத்த பணத்தை எடுத்துச் செலவழிப்பது போல.

போனக்காடு மாதிரி ஏற்றத்தில்தான் அந்த மார்ஜின் தேவைப்படும். வேகம் குறைவு, சுமை அதிகம், ரேடியேட்டருக்குக் காற்றும் குறைவு. பெட்ரோல் காரில் கலவை தவறான நேரத்தில் தானாக வெடித்து, அதாவது 'நாக்' ஆகி, பிஸ்டனைப் பதம் பார்க்கலாம். டீசல் காரில் புகைக்கரி கூடி டிபிஎஃப் ஃபில்டர் சீக்கிரம் அடைபடலாம். கிளட்ச், கியர்பாக்ஸுக்கும் டார்க் வரம்பு உண்டு.

1,248 சிசி ஃபியட் டீசல் இன்ஜின் ஒரு நல்ல உதாரணம். ஸ்விஃப்ட்டில் 75 பிஎஸ் கொடுத்த இது, எர்டிகாவில் 90 பிஎஸ் கொடுத்தது. வித்தியாசம் வெறும் சாஃப்ட்வேர் அல்ல. 90 பிஎஸ் இன்ஜினில் டர்போவே வேறு. ரீமேப் செய்பவர் எண்ணை மட்டும்தான் மாற்றுகிறார், பாகத்தை அல்ல.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-வது பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் நிறுவனத்தின் அசல் விவரங்களிலிருந்து மாறுபடும் வகையில் வண்டியை மாற்றக் கூடாது. கேரளாவிலிருந்து சென்ற ஒரு வழக்கில், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதி செய்தது. அது வாகனக் கட்டமைப்பு பற்றிய வழக்கு. ஆனால் 'நிறுவனத்தின் அசல் விவரமே அளவுகோல்' என்பது அதன் சாரம். அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க 182ஏ பிரிவு இடம் தருகிறது.

சாஃப்ட்வேர்தானே என்று மாசு விஷயத்தையும் ஒதுக்க முடியாது. 2015-இல் ஃபோக்ஸ்வேகன் சிக்கியது, உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி கார்களில் இருந்த சாஃப்ட்வேரால்தான்.

வாரண்டி, இன்சூரன்ஸ்?

பெரிய அடி இங்கேதான். ரீமேப்பை அழித்து பழைய ஃபைலைப் போட்டாலும், எத்தனை முறை எழுதப்பட்டது என்ற கணக்கைப் பல இசியு-க்கள் வைத்திருக்கும். அது தெரிந்தால் இன்ஜின் வாரண்டி கைவிட்டுப் போகலாம். இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் சொல்லாமல் செய்த மாற்றம், கிளெய்ம் நேரத்தில் பிரச்னையாகலாம். இ.எம்.ஐ. மட்டும் நிற்காது.

அப்போ என்ன பண்ணலாம்?

முதலில் ஏர் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், டயர் காற்று, கிளட்ச் நான்கையும் பாருங்கள். 'பவர் இல்லை' என்ற புகார் பல நேரம் அங்கேயே தீர்ந்துவிடும். நிஜமாகவே பவர் வேண்டுமென்றால், அடுத்த கார் வாங்கும்போது டர்போ வேரியன்ட்டை நாலு பேரோடு ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள்.

மற்றபடி, போனக்காடு ஏறும்போது செகண்ட் கியருக்கு இறங்குவது உங்கள் காரின் குறை இல்லை. கியர் இருப்பதே அதற்குத்தான்.