பாட ஒப்பீடும் 'டிஃப்' கட்டளையும்

ஏட்டுச் சுவடிகளிலிருந்து பழந்தமிழ் நூல்களை அச்சேற்றியோர் ஒரு நூலின் பல பிரதிகளை வரிவரியாக ஒப்புநோக்கிப் பாடபேதங்களைக் குறித்தனர். 1887இல் கலித்தொகையை வெளியிட்ட சி. வை. தாமோதரம்பிள்ளை இம்மரபின் முன்னோடிகளுள் ஒருவர். இன்று அந்நூல்கள் கணினிக் கோப்புகளாகவும் கிடைக்கின்றன. ஒரே நூலுக்கு ஒன்றுக்கொன்று மாறுபடும் தட்டச்சுப் பிரதிகள் பல உலவுகின்றன. ஒப்புநோக்கும் பணி இதனாற் குறைந்துவிடவில்லை. அப்பணிக்கு உதவும் கருவிகளுள் மூத்ததொன்றான 'டிஃப்' கட்டளை எவ்வாறு இயங்குகின்றது, தமிழ்ப் பாடங்களிடத்து எங்கே நம்மை ஏமாற்றக்கூடும் என்பவற்றை இங்கு நோக்குவோம்.

அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் யுனிக்ஸ் இயங்குதளத்துக்கென 1970களின் முற்பகுதியில் டக்ளஸ் மக்கில்ராய் இதனை உருவாக்கினார். இதன் கணிமுறையை ஜேம்ஸ் ஹண்டும் அவரும் 1976இல் அறிக்கையாக வெளியிட்டனர். கட்டளையின் பெயரையும் இரு கோப்புகளின் பெயர்களையும் இடைவெளி விட்டுத் தட்டச்சிடுவதே இதன் பயன்பாடு. வேறுபாடு இல்லையெனில் கருவி மௌனமாக இருக்கும்.

முதல் வரியை முதல் வரியோடும், இரண்டாவதை இரண்டாவதோடும் ஒப்பிட்டாற் போதாதா என வினவலாம். போதாது. ஒரு பிரதியில் இடையே ஒரு வரி விடுபட்டிருப்பின், அதன்கீழ் உள்ளன யாவும் மாறுபட்டனவாகத் தோன்றும். எனவே இரு கோப்புகளிலும் அதே வரிசையில் அமைந்த பொது வரிகளின் மிக நீண்ட தொடரைக் கருவி முதலிற் கண்டறிகின்றது. ஒரு கோப்பில் அ, ஆ, இ, ஈ என நான்கு வரிகளும், மற்றையதில் அ, இ, ஈ, உ என நான்கு வரிகளும் உள்ளனவெனக் கொள்வோம். பொதுத் தொடர் அ, இ, ஈ ஆகும். ஆகவே 'ஆ' நீக்கப்பட்டது, 'உ' சேர்க்கப்பட்டது என்னும் இரண்டே முடிவுகள் கிடைக்கும். 1986இல் யூஜின் மையர்ஸ் வெளியிட்ட கணிமுறை, வேறுபாடுகள் சிலவாயிருக்கும்போது இத்தேடலை மிக விரைவாக்கியது.

வரிசை மாறாமையே இம்முறையின் அடிப்படையாதலால், இடம் மாறிய செய்யுளைக் கருவி அவ்வாறு அறியாது. ஓரிடத்தில் நீக்கம், மற்றோரிடத்திற் சேர்க்கை என்றே கூறும். பிரதி செய்தவர் செய்யுளை முன்பின்னாக எழுதினாரா, விட்டுவிட்டாரா என்பதை ஆய்வாளரே தீர்மானித்தல் வேண்டும்.

தமிழுக்கே உரிய இடர் எழுத்துக் குறியீட்டில் உள்ளது. யுனிகோட் முறையில் 'கொ' என்பதன் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம். ஒற்றைக்கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கருவியோ எழுத்துருவைக் காண்பதில்லை, உள்ளிருக்கும் எண்களையே காண்கின்றது. ஆதலால் ஒரே வரியை இருமுறை காட்டி, வேறு வேறு என்கின்றது. இரு கோப்புகளையும் யுனிகோட் வகுத்துள்ள ஒரே நியம வடிவத்துக்கு முதலில் மாற்றிக்கொண்டால் இது தீரும். ஆனால் 'ஔ' என்பதற்குப் பதிலாக 'ஒ', 'ள' என்னும் ஈரெழுத்துகளைச் சேர்த்துத் தட்டச்சிட்ட பிழை அவ்வாறு தீராது. அதனைக் கையாலேயே திருத்த வேண்டும்.

இல்லாத பேதத்தைக் காட்டுவதைவிட உள்ள பேதத்தை மறைப்பதே பெருந்தீங்கு. இடைவெளிகளை முற்றாகப் புறக்கணிக்கும் தெரிவு ஒன்று இக்கட்டளையில் உண்டு. வெளியீட்டின் நீளத்தைக் கண்டு சலித்தவர்கள் அதனையே விரும்பி நாடுவர். அத்தெரிவின்கீழ் 'பல கைகள்' என்பதும் 'பலகைகள்' என்பதும் ஒன்றாகிவிடும்! சொற்பிரிப்பிலேயே உரைவேறுபாடு பிறக்கும் நூல்களில் இஃது ஆய்வையே குலைக்கும். இடைவெளியின் அளவை மட்டும் பொருட்படுத்தாத வேறொரு தெரிவும் உண்டு. அது இவ்விரண்டையும் வேறாகவே காட்டும். எத்தெரிவைக் கொண்டு பிரதிகள் ஒப்பிடப்பட்டன என்பதையும், பயன்பட்ட சுவடிகளின் விபரத்தோடு, பதிப்பாசிரியர் தம் முன்னுரையிற் குறிப்பிடுதல் வேண்டும்.