உஷார்! கார்ப்பெட்டுக்கு அடியில் மரச்சில்லு

பிரிட்டனில் வீடு வாங்கிச் சாவி கைக்கு வந்ததும் நம் ஆட்கள் முதலில் கைவைப்பது கார்ப்பெட்டில்தான். முன்பு இருந்தவர்கள் நாய் வளர்த்திருப்பார்கள், தேநீர் கொட்டியிருப்பார்கள், செருப்புக் காலோடு நடந்திருப்பார்கள். ‘பிய்த்துப் போட்டுவிட்டு லேமினேட் போட்டுவிடுவோம், கூட்டித் துடைக்கச் சுலபம்’ என்று வீட்டில் ஒருமனதாக முடிவாகும். சனிக்கிழமை காலை கடைக்குப் போனால் மாலைக்குள் பெட்டிகள் வாசலில். கொஞ்சம் பொறுங்கள். பெட்டியைப் பிரிக்கும் முன் கார்ப்பெட்டின் ஒரு மூலையைத் தூக்கி, அடியில் என்ன இருக்கிறதென்று பாருங்கள்.

வீடு 1970-களுக்குப் பிறகு கட்டியதென்றால் மாடியில் சிப்போர்டு இருக்கவே வாய்ப்பு அதிகம். இங்கே சாதாரண வீட்டு மாடிக்கு நம் ஊர் போலக் கான்கிரீட் தளம் கிடையாது. ஜாயிஸ்ட் என்கிற மர உத்திரங்களை வரிசையாக வைத்து, அவற்றின் மேல் பலகைகளை ஒன்றோடொன்று கோத்து அடித்திருப்பார்கள். அந்தப் பலகைதான் சிப்போர்டு. மரத்தைச் சில்லு சில்லாக்கி, பசையோடு பிசைந்து, சூட்டில் அழுத்திச் செய்தது. நமக்கு ஒன்றும் புதிதல்ல. சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளம் வடிந்தபின் வீட்டுக்குள் கால்வைத்தவர்களைக் கேளுங்கள். தேக்குக் கட்டிலைக் காயவைத்துத் திரும்பவும் படுத்தார்கள். பார்ட்டிகிள் போர்டு அலமாரியோ டீயில் முக்கிய பன் மாதிரி ஊதி, தொட்டால் உதிர்ந்தது. அந்த அலமாரியின் அண்ணன்தான் இங்கே மாடியில் உங்களையும் உங்கள் கட்டிலையும் சுமந்துகொண்டிருக்கிறான்.

ஒழுங்காகப் போட்டிருந்தால் சிப்போர்டு நல்ல பலகைதான், அதையும் சொல்லிவிட வேண்டும். 18 மி.மீ. கனம் என்றால் உத்திரங்களுக்கு இடையே 450 மி.மீ., 22 மி.மீ. என்றால் 600 மி.மீ. இதைத் தாண்டாமல் இருந்தால் ஆள் ஏறிக் குதித்தாலும் தாங்கும். இப்போது வரும் தரைப் பலகைகள் பி5 என்ற ரகம். பல பலகைகளில் பச்சைச் சாயம் கலந்திருக்கும். பச்சையைப் பார்த்ததும் ‘இது தண்ணிக்கு ஒன்றும் ஆகாது’ என்று சொல்லிவிடுகிறார்கள். தவறு. பி5 ஈரப்பதத்தைத் தாங்கும். தேங்கிய தண்ணீரைத் தாங்காது. பழைய வீடுகளில் அந்த பி5-கூட இருக்காது. ஊறி உப்பிய சிப்போர்டு காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது. அதை வெட்டி எடுப்பதைத் தவிர வழியில்லை.

இப்போது கடைப் பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் வாசகத்துக்கு வருகிறேன்: ‘100 சதவீதம் வாட்டர்ப்ரூஃப்’. கல்பொடியும் பிளாஸ்டிக்கும் கலந்த எஸ்.பி.சி., வினைல் கிளிக் பலகைகளில் பெரும்பாலும் இதைப் பார்க்கலாம். பொய்யில்லை. அந்தப் பலகையை ஒரு வாரம் தொட்டியில் போட்டாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் அந்த உத்தரவாதம் பலகைக்குத்தான், அதற்கு அடியில் இருப்பதற்கு இல்லை. சுவரோரத்தில் விட்ட இடைவெளி வழியாகத் தண்ணீர் கீழே இறங்கும். கார்ப்பெட் என்றால் அன்றைக்கே நனைந்து காட்டிக்கொடுக்கும். வாட்டர்ப்ரூஃப் பலகை மூடி போட்டது போல உட்கார்ந்து, அடியில் இருக்கும் ஈரத்தை வெளியேயும் விடாது, கண்ணிலும் காட்டாது. மேலே பளபளவென்று இருக்கும். கீழே மாதக்கணக்கில் ஊறும். ஒருநாள் அந்த இடத்தில் கால்வைத்தால் மெத்தையில் வைத்த மாதிரி அமுங்கும். அப்போதுதான் தெரியும்.

இதில் நம் வீடுகளுக்குத் தனி ஆபத்து உண்டு. வாளியும் குவளையுமாகத் தரையைக் கழுவிவிட்ட கைகள் நம்முடையவை. மொசைக்கிலும் சிவப்பு சிமெண்டுத் தரையிலும் வளர்ந்தவர்களுக்கு, பிழிந்த துணியால் லேசாகத் துடைப்பதெல்லாம் ஒரு சுத்தமா என்றுதான் தோன்றும். அதைவிட மோசம் குளியலறை. இங்கே வீட்டுக் குளியலறைத் தரையில் பெரும்பாலும் தண்ணீர் போக ஓட்டையே இருக்காது. ஊரிலிருந்து ஆறு மாதம் தங்க வரும் அம்மா அப்பாவுக்கு இது யார் சொல்வது? தொட்டிக்கு வெளியே நின்று குவளையால் மொண்டு ஊற்றுவார்கள். கழிப்பறைக் கோப்பையைச் சுற்றித் தண்ணீர் தெறிக்கும். முதல் நாளே பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிடுங்கள். அவர்கள் கோபித்துக்கொண்டால் ஒரு காபியில் சரியாகிவிடும், தரை ஆகாது.

குளியலறைக்கு என் கட்சி இதுதான்: லேமினேட் வேண்டவே வேண்டாம். இணைப்பே இல்லாத ஒரே விரிப்பாக வினைல் போடுங்கள். அதற்கு அடியில் 6 மி.மீ. பிளைவுட் அடித்து, சுவரோரமும் கோப்பையைச் சுற்றியும் சிலிகான் வையுங்கள். பார்க்க டைல் அளவுக்குப் பந்தாவாக இருக்காது. பரவாயில்லை.

டைல்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றால், சிப்போர்டு மேல் நேராக ஒட்டித் தருகிறேன் என்று சொல்லும் ஆளை வாசலோடு அனுப்பிவிடுங்கள். டைல் வளையாது, மரத்தளமோ ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் வளையும். இந்த இழுபறியில் முதலில் வெடிப்பது டைலுக்கு நடுவே பூசிய கிரவுட். வெடித்த கிரவுட் வழியே தண்ணீர், தண்ணீர் போன இடத்தில் உப்பல், உப்பலுக்கு மேலே டைலில் கீறல். தளத்தின் ஆட்டத்தை முதலில் நிறுத்தி, டைலுக்கென்று விற்கும் பேக்கர் போர்டு பதித்து, அதன்மேல் நெகிழும் வகைப் பசையால்தான் ஒட்ட வேண்டும். 10 மி.மீ. போர்சலின் டைல் சதுர மீட்டருக்கு 20 கிலோவைத் தாண்டும். உத்திரம் அதைத் தாங்குமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எது போடுவதானாலும் கார்ப்பெட்டை எடுத்த அன்றே ஒரு ஸ்குரூடிரைவரோடு தரையில் மண்டியிடுங்கள். கழிப்பறைக் கோப்பையைச் சுற்றி, குளியல் தொட்டியின் ஓரம், ரேடியேட்டர் வால்வுக்குக் கீழே குத்திப் பாருங்கள். முனை சுலபமாக இறங்கினால் அந்தத் துண்டை உத்திரம் வரை வெட்டி எடுத்து, ஓரங்களுக்குக் குறுக்குக் கட்டை கொடுத்துப் புதுப் பலகை போட வேண்டும். அப்புறம் 2 மீட்டர் நேர்ச்சட்டம் ஒன்றைத் தரையில் வைத்துப் பாருங்கள். அடியில் 3 மி.மீ.க்கு மேல் இடைவெளி தெரிந்தால் கிளிக் பலகையின் பூட்டு ஒவ்வொரு மிதியிலும் தேய்ந்து, சீக்கிரமே பிளக்கும். பலகைக்கு அடியில் விரிக்கும் அண்டர்லேயைத் தடிமனாகப் போட்டு மேடு பள்ளத்தை மறைக்கலாம் என்பது கடைக்காரர் சொல்லும் வைத்தியம். பஞ்சு மெத்தை மேல் பூட்டு இன்னும் வேகமாக உடையும். பெட்டிகளைப் பிரிக்காமல் அதே அறையில் 48 மணி நேரம் படுக்கவையுங்கள். சுவரோரம் 10 மி.மீ. விடுங்கள், அதைச் சிமெண்டாலோ சிலிகானாலோ அடைக்காதீர்கள். கோடையில் தரை விரியும்; இடமில்லை என்றால் நடுவில் கூரைபோல எழும்பி நிற்கும்.

கிறீச் சத்தம் இருந்தால் அதையும் மூடுவதற்கு முன்பே தீர்க்க வேண்டும். இங்கேதான் நான் அடிபட்டேன்.

எங்கள் மாடிப் படிக்கட்டு முடியும் இடத்தில் கால்வைத்தாலே கிறீச். தளர்ந்த ஆணிதான் காரணம், நான்கு திருகு போட்டால் அடங்கும் என்று எனக்கே தெரியும். 60 மி.மீ. திருகு வாங்கிவந்தேன். மூன்றாவது திருகு இறங்கும்போது ‘உஸ்’ என்று பாம்பு சீறுவது போல ஒரு சத்தம். பதறிப்போய்த் திருகைக் கழற்றினேன். அதைவிட முட்டாள்தனம் இல்லை. அந்தத் திருகுதான் ஓட்டையைப் பாதி அடைத்துக்கொண்டிருந்தது. கழற்றியதும் தண்ணீர் பீறிட்டது. கீழே கூடத்துக் கூரை சற்று நேரத்தில் பானை வயிறு போலத் தொங்கியது. வீட்டுத் தண்ணீரை அடைக்கும் வால்வு எங்கே என்று தேடவே எனக்குப் பத்து நிமிடம் ஆனது.

அப்புறம் பலகையை எடுத்துப் பார்த்தால், உத்திரத்தின் தலையில் ஒரு வெட்டு வெட்டி, அதில் குழாயைப் படுக்கவைத்து, மேலே பலகையை மூடியிருக்கிறார்கள். இங்கே இது சர்வசாதாரணம். மின்கம்பியை உத்திரத்தில் துளைத்துக் கொண்டுபோனால், மேல்விளிம்பிலிருந்து 50 மி.மீ. கீழே போக வேண்டும் என்று விதி இருக்கிறது. குழாயோ பல வீடுகளில் பலகையை ஒட்டியே ஓடுகிறது. அதைத் துளைக்க நீளத் திருகுகூட வேண்டாம். குழாயைக் கண்டுபிடிக்கும் கருவியை மட்டும் நம்பாதீர்கள். புது வீடுகளில் குழாய் பிளாஸ்டிக், பல கருவிகளுக்கு அது தெரியவே தெரியாது. சந்தேகம் வந்தால் ஒரு பலகையைத் தூக்கிப் பார்ப்பதே வழி. நடுவில் சின்னதாக வெட்டி மூடிய துண்டு எங்கே தெரிகிறதோ, அதன் கீழே குழாயோ கம்பியோ நிச்சயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். காப்பீடு கைகொடுக்கும் என்று இருக்க வேண்டாம். தற்செயல் சேதத்துக்குப் பல பாலிசிகளில் தனியாகப் பணம் கட்டியிருக்க வேண்டும்.

ஃப்ளாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. லண்டனில் எத்தனையோ ஃப்ளாட்டுகளின் லீஸ் பத்திரத்தில், தரையில் கார்ப்பெட் போட்டே ஆக வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. வாங்கும்போது வக்கீல் அனுப்பிய காகிதக் கட்டுக்குள் எங்கோ கிடக்கும், தேடிப் படியுங்கள். இல்லாவிட்டால் போட்ட தரையைப் பிடுங்கச் சொல்லிக் கீழ்வீட்டுக்காரர் புகார் கொடுப்பார். இன்னொன்று: சில ஃப்ளாட்டுகளில் சிப்போர்டு சத்தம் தடுக்கும் மெத்தை மேல் மிதந்துகொண்டிருக்கும். அதைத் திருகு போட்டு இறுக்கினால் உங்கள் வீட்டுக் காலடிச் சத்தம் அத்தனையும் நேராகக் கீழே இறங்கும்.

வீடு 2000-க்கு முந்தையதாக இருந்து, கார்ப்பெட்டுக்கு அடியில் பழைய வினைல் டைலோ கறுப்புப் பசையோ இருந்தால் சுரண்டாதீர்கள், உடைக்காதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் பிரிட்டனில் முழுமையாகத் தடைசெய்யப்பட்டது 1999-இல்தான். சோதனைக்கு அனுப்பிப் பதில் வரும்வரை அந்த அறைக் கதவு மூடியே இருக்கட்டும்.

தண்ணீரை அடைக்கும் அந்த வால்வுக்கு இங்கே ஸ்டாப்காக் என்று பெயர். பெரும்பாலும் சமையலறை சிங்குக்குக் கீழே, பாத்திரம் கழுவும் பொடிக்கும் பிளாஸ்டிக் பைகளுக்கும் பின்னால் ஒளிந்திருக்கும். வருடக்கணக்கில் தொடாததால் இறுகிப்போயும் இருக்கலாம். முதல் திருகை வாங்கக் கடைக்குப் போகும் முன், இன்று இரவே அதைக் கண்டுபிடித்து ஒருமுறை மூடித் திறந்து பாருங்கள்.