தகவல் துளி: மே 13-ஐச் சொல்லும் இளையோர் நாவல்



1969 மே 13. கோலாலம்பூரில் இனக்கலவரம் மூண்ட நாள். நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் குரலைத் தாழ்த்திப் பேசும் அந்த நாளை, இளையோருக்கான நாவலாக எழுதினார் மலேசிய எழுத்தாளர் ஹன்னா அல்காஃப். 'தி வெயிட் ஆஃப் அவர் ஸ்கை' என்னும் அந்த ஆங்கில நாவல் 2019-இல் வெளிவந்தது.

கதைநாயகி மெலாத்தி, 16 வயது மலாய்ப் பெண். பீட்டில்ஸ் பாடல்கள் என்றால் அவளுக்கு உயிர். மனத்தைப் பயம் கவ்வும்போதெல்லாம் மூன்று மூன்றாக எண்ணிக்கொண்டே இருப்பாள். கலவரத்தில் சிக்கிய அவளைக் காப்பாற்றித் தன் வீட்டில் அடைக்கலம் தருகிறார் ஒரு சீனப் பெண்மணி. தாயைத் தேடி அலையும் மெலாத்திக்குத் துணை நிற்பவன், அந்த வீட்டுப் பிள்ளை வின்சென்ட்.

பல இனத்தவரோடு வளரும் நம் பிள்ளைகளுக்கும் "நான் யார்?" என்ற கேள்வி ஒருநாள் வரும். அதைப் பேசத் தொடங்க இந்தக் கதை உதவும். ஆனால் வன்முறைக் காட்சிகள் உள்ள நாவல் இது. ஆகவே பெற்றோரே, பதின்ம வயதுப் பிள்ளையோடு சேர்ந்தே படியுங்கள். படித்து முடித்ததும், உங்கள் தோட்டத்தில், உங்கள் கம்பத்தில் ஆபத்துக்குக் கைகொடுத்த அண்டை வீட்டாரைப் பற்றியும் தமிழில் சொல்லுங்கள். அந்தக் கதையும் பிள்ளைகளுக்குத் தேவை.