மூளை முடக்குவாதமும் இடுப்பு மூட்டு மாற்றும்

பாலாற்றங்கரை ஊர்களில் வாழும் நமக்கு வேலூரின் மருத்துவச் சிறப்பைப் புதிதாக எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1946-இல் அங்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிப்போன விரல்களைத் தசைநாண்களை இடம்மாற்றிப் பொருத்தி மீண்டும் இயங்கச் செய்தார். 1954-இல் விபத்தில் சிக்கிக் கால்கள் செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தே கை அறுவைகள் செய்தார். அவர் முயற்சியால் 1966-இல் மறுவாழ்வு நிலையம் அங்கே எழுந்தது. அத்தகைய மண்ணிலும், மூளை முடக்குவாதம் உடைய ஒருவர் முப்பது வயதில் "இடுப்பு வலிக்கிறது" என்றால், "பிறவியிலிருந்தே அப்படித்தானே" என்று விட்டுவிடும் வழக்கம் நம் இல்லங்களில் இன்னும் அகலவில்லை.

அது பிழையான எண்ணம். செரிப்ரல் பால்சி எனப்படும் இந்நிலை, வளரும் மூளைக்கு நேர்ந்த சேதத்தின் விளைவு. அச்சேதம் நாளடைவில் பெருகுவதில்லை. அதனால் இறுகிய தசைகளே எலும்பைக் கெடுக்கின்றன. பிறக்கும்போது இக்குழந்தைகளின் இடுப்பு மூட்டு பெரும்பாலும் இயல்பாகவே இருக்கிறது. தொடைகளை உட்புறமாக இழுக்கும் தசைகள் ஆண்டுக்கணக்கில் இறுகி இழுக்க, தொடை எலும்பின் தலை தன் கிண்ணத்திலிருந்து சிறிது சிறிதாக வெளியேறுகிறது. மூவரில் ஒருவருக்கு இவ்விலகல் நேர்கிறது. சிறிதும் நடக்க இயலாதவரிடையே இது மிகவும் கூடுதல். விலகிய மூட்டு தேய்கிறது, தேய்ந்தது வலிக்கிறது. வலி புதியது, அதற்கு மருத்துவமும் உண்டு.

உலோகத் தலையும் பிளாஸ்டிக் கிண்ணமும் கொண்ட செயற்கை மூட்டை இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி 1962-இல் நிலைநிறுத்தினார். ஆனால் மூளை முடக்குவாதம் உடையோர்க்கு அதைப் பொருத்த மருத்துவர் நெடுங்காலம் தயங்கினர். பழைய எலும்பை வெளியே இழுத்த அதே தசை புதிய மூட்டையும் இழுத்துவிடாதா? நியாயமான அச்சமே. 1970-களில் பிரான்சின் ஜில் புஸ்கே, சிறு பந்து பெரும்பந்தினுள் சுழல, அப்பெரும்பந்தும் கிண்ணத்தினுள் சுழலும் இரட்டை இயக்க மூட்டை உருவாக்கினார். இது எளிதில் நழுவுவதில்லை. வேண்டுமாயின் இறுகிய தசைநாண்களையும் அறுவையின்போதே தளர்த்திவிடுகின்றனர்.

எல்லோர்க்கும் இது பொருந்தாது. நடப்போர்க்கும், கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற எழுந்து நிற்போர்க்குமே பெரிதும் பயன் தரும். மற்றையோர்க்கு எலும்பைத் திருத்துதல், தலைப்பகுதியை நீக்குதல் போன்ற வேறு அறுவைகள் உள்ளன. நடை நேராகிவிடும் என்று எதிர்பார்த்தலும் கூடாது. மூளை பழைய மூளைதான். போவது வலி. பாயில் அமர்ந்து உண்பதையும் தரையில் அமர்ந்து தொழுவதையும் வழக்கமாகக் கொண்ட நம்மவர், அறுவைக்குப் பின் நாற்காலிக்கும் மேல்நாட்டுக் கழிப்பறைக்கும் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளல் வேண்டும். குந்தி அமர்தல் புதிய மூட்டுக்கு ஆகாது.

அறுவை வரை போகாமல் தடுப்பதே மேல். தெற்கு சுவீடனில் 1994 முதல் இக்குழந்தைகளுக்கு உரிய இடைவெளிகளில் எக்ஸ்ரே எடுத்து, தலை விலகத் தொடங்கும்போதே சிகிச்சை தந்தனர். மூட்டு முற்றிலும் நழுவுதல் அங்கே அரிதாயிற்று. வலியைச் சொல்லத் தெரியாத பிள்ளை, உடை மாற்றுகையில் தொடையை விரித்தால் அழுமானால், தாய்மார் அதைப் பிடிவாதம் என்று கொள்ளாமல் எலும்பு மருத்துவரிடம் காட்டுதல் நலம்.