விதானையாரின் பதிவேடு

விதானை என்னும் உத்தியோகம் 1963 ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. கிராம சேவகர் என்ற பெயர் வந்தது. பின்னர் அதுவும் மாறிக் கிராம அலுவலர் ஆயிற்று. யாழ்ப்பாணத்தவர் நா மாத்திரம் மாறவில்லை. “விதானையாரிட்டை ஒருக்காப் போட்டு வாறன்” என்று புறப்படுபவரைத் திருத்துவதற்கு, ஆசிரியனாயிருந்த காலத்திலும் நான் முயன்றதில்லை. மணியகாரரும் உடையாரும் மறைந்தனர். விதானையார் பேச்சளவிலேனும் நிலைத்துவிட்டார்.

அதற்குக் காரணம் இல்லாமலில்லை. இந்நாட்டில் பதினாலாயிரத்துக்கு மேற்பட்ட கிராம அலுவலர் பிரிவுகள் உள்ளன. அடையாள அட்டையாயினும், வாக்காளர் இடாப்பாயினும், வதிவிடச் சான்றிதழாயினும், குடிமகன் அரசாங்கத்தை முதன்முதலில் முகத்துக்கு முகம் காண்பது அந்த மேசையடியிலேதான். என்போன்ற ஓய்வூதியகாரர், தாம் இன்னும் உயிரோடிருப்பதை ஆண்டுதோறும் உறுதிப்படுத்துவதும் அங்கேதான். (அதிலே சிறிது மனத்தாங்கல் எனக்குண்டு. ஆயினும் அந்தச் சடங்கு நெடுங்காலம் தொடரவேண்டுமென்பதே என் ஆசை.)

2012 ஆம் ஆண்டில் ஒருநாட் காலை, நலன்புரி நிலையமொன்றில் வசித்த ஒரு பெண் என் வீட்டுப் படலையைத் திறந்து வந்தாள். அவளுடைய மகள் என்னிடம் தமிழ் படித்தவள், பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியிருந்தாள். மகாபொல புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பிக்கக் குடும்ப வருமானம் பற்றிய அத்தாட்சி வேண்டும். முடிவு நாளுக்கு நான்கு நாள்களே இருந்தன.

“மாஸ்டர், இங்கத்தை விதானையார் என்ரை பதிவு ஊரிலையாம் எண்டு சொல்லுறார். ஊர் விதானையாரிட்டைக் கேட்டால், நீ இருக்கிறது அங்கை, உன்ரை வருமானம் எனக்கெப்பிடித் தெரியும் எண்டுறார்.”

இருவர் கூற்றிலும் பிழை காண்பது அரிது. 1990 ஜூனில் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த அவள் குடும்பம் அதுவரை ஊர் திரும்பவில்லை. ஊர் உயர் பாதுகாப்பு வலயத்தினுள் அகப்பட்டுக் கிடந்தது. ஆளில்லாத ஊருக்கும் ஓர் அலுவலர் இருந்தார். ஊரிழந்த ஆளுக்கும் ஓர் அலுவலர் இருந்தார். இருவருக்குமிடையில் ஒரு கையொப்பந்தான் இல்லை.

நான் அவளுடன் புறப்பட்டேன். ஊர் விதானையாரின் அலுவலகம் வாடகை வீடொன்றின் முன்விறாந்தை. ஓய்வுபெறும் வயதை அண்மியவர். என்னைக் கண்டதும் எழுந்தார். அவளைக் கண்டு முகஞ் சுளித்தார். “பிள்ளை, நான் அண்டைக்கே சொன்னனெல்லோ?”

“வருமானத்தை நீங்கள் எழுத வேண்டாம். இவள் உங்கள் பிரிவுக் குடும்பத்தவள் என்பதையும், இப்பொழுது எங்கே வசிக்கிறாள் என்பதையும் எழுதித் தாருங்கள். மிகுதியை அங்குள்ளவர் எழுதட்டும்” என்றேன். இவ்வளவு எளிய வழி அவர்கள் இருவருக்கும் ஏன் தோன்றவில்லை என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை. தோன்றியிருந்தாலும், முதலில் எழுதுபவரே பின்னர் பொறுப்பாளி என்ற அச்சம் தடுத்திருக்கலாம்.

அவர் சிறிதுநேரம் பேசாதிருந்தார். பின்பு இரும்பு அலுமாரியைத் திறந்து, துணியிற் சுற்றிய பெரிய பதிவேடொன்றை எடுத்தார். இடம்பெயர்ந்தபோது கையோடு கொண்டுவந்ததாம். ஓரங்கள் கரையான் அரித்துப் போயிருந்தன. விரலால் வரிவரியாகத் தடவிச் சென்று ஓரிடத்தில் நிறுத்தினார். அவளுடைய தகப்பன் பெயரை உரக்க வாசித்தார்; தாய் பெயர்; பிள்ளைகள் ஐவர். ஐந்தாவது பெயர் அவளுடையது. தன் பெயரைக் கேட்டதும் அவள் சேலைத் தலைப்பை வாயிற் பொத்திக்கொண்டாள்.

கடிதம் பத்து நிமிடத்தில் எழுதி முடிந்தது. அதைக் கண்டபின் மற்றவர் மறுப்பேதும் சொல்லவில்லை. பிரதேச செயலகத்தில் மேலொப்பம் பெற மறுநாள் மாலை வரை காத்திருந்தோம். மூன்றாம் நாட் காலை விண்ணப்பம் பதிவுத் தபாலிற் போயிற்று. மகளுக்குப் பணம் கிடைத்தது. அவள் இப்போது ஆசிரியை.

எனினும் என் மனத்தில் நிற்பது அந்த விறாந்தைதான். முத்திரை குத்திக் கடிதத்தை நீட்டியவர், கையை உடனே எடுக்கவில்லை.

“உங்கடை கிணத்தடியிலை ஒரு பெரிய புளி நிண்டதெல்லோ, பிள்ளை?”

“ஓம் விதானையார். கிணத்துக்கு மேற்காலை.”

அவர் பேனாவை எடுத்து, பதிவேட்டில் அவள் பெயருக்கெதிரே அதையும் குறித்துக்கொண்டார்.